கொல்லிமலையில் காற்றில் கழுவிய கைகள்

மலைக்குப் போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துப் போவார்கள். நான் ஸ்வெட்டர், மழைக்கோட்டு, டார்ச் லைட், வாந்தி மாத்திரை, வயிற்றுவலி மாத்திரை, பஞ்சு, ஊக்கு, நைலான் கயிறு எல்லாம் எடுத்து வைத்தேன். "கயிறு எதுக்குக்கா?" என்று தங்கை கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. மலை என்றால் எங்கேயாவது கயிறு தேவைப்படாதா? எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரிய பொட்டலம் நெத்திலிக் கருவாடு. தங்கப்போகிற வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது. எங்கள் கடற்கரையில் கொடுப்பதற்கு அதைவிட நல்ல பொருள் கிடையாது.

எனக்கு ஊர் நாகப்பட்டினம் பக்கம். எட்டாவதோடு படிப்பு நின்றது. கை கழுவும் பழக்கத்தை ஊர் ஊராகச் சொல்லிக்கொடுக்கும் ஒரு தொண்டு அமைப்பில் சில வருடங்களாக வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது என்னைப் 'பார்வையாளர்' ஆக்கிவிட்டார்கள். வேறு ஊருக்குப் போய், அங்கே நடக்கிற வகுப்பு எப்படித் திட்டமிட்டார்களோ அப்படியே நடக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். டாக்டர் எழுதின மருந்தைப் பாதி ஊற்றிப் பாதி தண்ணீர் கலந்து கொடுத்துவிட்டு, மருந்து சரியில்லை என்று சொல்லக்கூடாது இல்லையா? அதற்குத்தான்.

பார்வையாளருக்குச் சட்டம் உண்டு. ஓரமாக உட்கார வேண்டும். வாய் திறக்கக்கூடாது. தலையாட்டக்கூடாது, சிரிக்கக்கூடாது. ஒரே ஆள் எடுக்கும் இரண்டு வகுப்பைப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் எதையும் சொல்லித் தரக்கூடாது. சொல்லித்தந்தால் நாம் சொன்னதைத்தான் மறுநாள் பார்ப்போம்.

இது எனக்கு முதல் பயணம். கிளம்புவதற்கு முன் எங்கள் மேற்பார்வையாளர் போனில் சொன்னார். "பழனியம்மான்னு ஒருத்தங்க மலையில வகுப்பு எடுக்கறாங்க. வீடியோ அனுப்புவாங்க, அவ்வளவு அழகா இருக்கும். ஆனா ஊர்ல வயித்துப்போக்கு குறையவே இல்லைன்னு நர்ஸம்மா சொல்றாங்க. பாத்துட்டு வந்து சொல்லுங்கம்மா. அவங்க சரியில்லைன்னா அடிவாரத்துல இருந்து வேற ஆளைப் போட்டுடலாம்."

அதாவது ஒருத்தியின் வேலை என் வாயில். அன்றைக்கே பையில் வைக்க வேண்டியவற்றின் பட்டியல் நீள ஆரம்பித்துவிட்டது.

அடிவாரத்திலிருந்து பஸ் ஏறியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கின. எங்கள் ஊர் தட்டை. எது வந்தாலும் தூரத்திலேயே தெரிந்துவிடும், கவலைப்பட நேரம் கிடைக்கும். இங்கே எதிரே வருகிற லாரி மூக்குக்கு முன்னால் வந்த பிறகுதான் தெரிகிறது. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை. எண்களைப் பார்க்கக்கூடாது என்று முடிவுசெய்து, எல்லாவற்றையும் பார்த்தேன்.

பாதி வழியில் கண்டக்டர் மூக்கை உறிஞ்சினார்.

"ஏனுங்க, ஆரு கருவாடு கொண்டாந்தது?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அங்கே பள்ளம். மறுபடி உள்ளே பார்த்தேன்.

"என்னுதுங்க."

"கீழ எறக்கி விட்டுருவனோன்னு பயப்படாதீங்க. என்ன மீனுன்னுதான் கேட்டனுங்க."

"நெத்திலி."

"நெத்திலியா!" என்று பின்சீட்டில் ஒரு பெண் பெருமூச்சு விட்டாள். "சந்தையில வர்றது பூராம் மணலுங்க. உங்களுது எப்புடி?" அப்புறம் மேலே போகும்வரை மணல் இல்லாத கருவாட்டை எப்படிப் பார்த்து வாங்குவது என்று பஸ்ஸுக்கே பாடம் எடுத்தேன். நடுவில் ஒரு வளைவில் மரவள்ளிக்கிழங்கு லாரி ஒன்று முன்னும் போகாமல் பின்னும் போகாமல் நின்றுவிட, எல்லோரும் இறங்கினோம். பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் இறங்கியதைப் பார்த்துக் கைப்பிடிச் சுவர்மேல் இருந்த குரங்குகள் எழுந்து உட்கார்ந்தன. கயிறு இப்போது தேவைப்படுமோ என்று நினைத்தேன். லாரி நகர்ந்துவிட்டது.

மலைமேல் பஸ் நிற்கும் செம்மேட்டில் பழனியம்மா காத்திருந்தாள். முப்பதைத் தாண்டியிருக்கும். நல்ல உயரம், எண்ணெய் வைத்து இழுத்து வாரின தலை, கழுத்தில் அடையாள அட்டை. பக்கத்தில் பைக்கோடு அவள் வீட்டுக்காரர் சடையன்.

"வாங்கக்கா. பஸ்ஸுல வாந்தி கீந்தி வந்துச்சுங்களா?"

"இல்லைம்மா. பயத்துல வரலை."

ஒரே பைக்கில் மூன்று பேர், மேலே என் பை. இரண்டு பக்கமும் சில்வர் ஓக் மரங்கள், மரத்துக்கு மரம் மிளகுக்கொடி. "அம்மிணி, கண்ணத் தொறங்க. கண்ண மூடிக்கிட்டா பைக்கு சாயுது" என்றார் சடையன். அது உண்மையா என்று இன்றுவரை தெரியாது. கண்ணைத் திறந்துகொண்டுதான் தேவனூர் நாட்டுக்குள் போய்ச் சேர்ந்தேன். இந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு.

சாயங்காலம் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். எங்கள் ஊரில் சோறு என்றால் வெள்ளை. இது மண் நிறம், வாயில் போட்டால் உதிர்கிறது, வயிற்றுக்குள் போனதே தெரியவில்லை. இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன். கருவாட்டைப் பார்த்ததும் பழனியம்மா பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்துவிட்டு, "நாளைக்கு மத்தியானம் இதுதானுங்க" என்று உறியில் தொங்கவிட்டாள்.

படுப்பதற்கு முன் அவளே பேச்செடுத்தாள். போன மழைக்குச் சின்னப் பெண்ணுக்கு வயிற்றுப்போக்கு நிற்காமல், துணியில் சுற்றி மலையிறக்கி ஆஸ்பத்திரியில் போட வேண்டியதாகிவிட்டதாம். "அப்பத்தான் இந்த வேலைக்கு ஆள் கேட்டாங்க. நானே போறேன்னு போனனுங்க. கீழ இருந்து ஆளப் போட்டா மழைன்னா வரமாட்டாங்க, வெயில்ன்னா வரமாட்டாங்க. இங்க ஒண்ணுமே நடக்காதுங்கக்கா." பிறகு சத்தத்தைக் குறைத்துக் கேட்டாள். "நாளைக்கு நீங்க எதெதப் பாப்பீங்க?"

சொல்லக்கூடாது. "சும்மா உக்காந்திருப்பேன்மா" என்றேன். அவள் விளக்கை அணைத்தாள். அவளுக்குத் தூக்கம் வரவில்லை என்று எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் எனக்கும் வரவில்லை.

மறுநாள் காலை வகுப்பு ஊற்றுக்குப் பக்கத்தில். பாறையிலிருந்து தண்ணீர் கல்தொட்டியில் விழுகிறது. ஊரே அங்கேதான் குடம் நிரப்புகிறது. தொட்டியை ஒட்டி மஞ்சள் பூசின ஒரு கல், அதுதான் அம்மன். செருப்பைத் தள்ளியே கழற்றச் சொன்னார்கள். அங்கே எச்சில் துப்பக்கூடாது, துணி துவைக்கக்கூடாது, சோப்பு நுரை ஒரு சொட்டு விழக்கூடாது. விழுந்தால் ஊற்று கோபித்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடும் என்று நம்புகிறார்கள். அவ்வளவு சுத்தமான நீர்நிலையை நான் பார்த்ததில்லை. எங்கள் ஊர் அடிபம்பைச் சுற்றி எப்போதும் சேறும் வாத்தும்தான்.

பெண்கள் குடங்களை இறக்கிவிட்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். பழனியம்மா எழுந்து நின்றாள். நான் ஓரமாக ஒரு கல்லில் உட்கார்ந்து முகத்தை மரம் மாதிரி வைத்துக்கொண்டேன்.

என்ன சொல்ல! நான் எடுத்த எந்த வகுப்பும் அப்படி இருந்ததில்லை. படத்தைக் காட்டிக் கேள்வி கேட்டாள். பதில் வரும்வரை காத்திருந்தாள். பேசாமல் இருந்தவர்களைப் பெயர் சொல்லி இழுத்தாள். அமைப்பு கொடுத்த கையேட்டில் இருக்கிற வரிசை மாறவில்லை, ஒரு வாக்கியம் விடுபடவில்லை. அவளுடைய நாத்தனார் வெள்ளச்சி மட்டும் நடுவில் நடுவில் சீண்டினாள். "என்ற தம்பி பொண்டாட்டி டீச்சராயிட்டா, பாருங்க. ஊட்டுல என்ற தம்பிக்கும் இப்புடித்தான் பாடம் நடக்குதாமா?"

"நடக்குதுங்க நங்கையா. அவரு உங்களவிட நல்லாப் படிக்கறாரு!" என்றாள் பழனியம்மா. சிரிப்பு அடங்க நேரமானது.

அப்புறம் கை கழுவும் கட்டம். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, விரல் முட்டி, கட்டைவிரல், நகநுனி என்று ஆறு அசைவு. பழனியம்மா காகிதம் பிரிக்காத சோப்பு ஒன்றைத் தூக்கி எல்லோருக்கும் காட்டிவிட்டுக் கீழே வைத்தாள். வெறும் கையைத் தேய்த்து ஆறையும் செய்தாள். பெண்கள் எல்லோரும் சேர்ந்து ஆறையும் செய்தார்கள். கும்மி அடிக்கிற மாதிரி அத்தனை கையும் ஒரே நேரத்தில் திரும்பியது. பார்க்கக் கொள்ளை அழகு.

இது ஒத்திகை, அடுத்து தண்ணீர் ஊற்றுவாள் என்று நான் காத்திருந்தேன். பழனியம்மா கைதட்டினாள். பெண்கள் கைதட்டினார்கள். வகுப்பு முடிந்துவிட்டது. குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பார்வையாளருக்கென்று கொடுத்த என் தாளில் கேள்விகள் இருந்தன. ஆறு அசைவையும் காட்டினாரா? காட்டினார். எல்லோரும் செய்தார்களா? செய்தார்கள். வரிசைப்படியா? வரிசைப்படி. தண்ணீர் இருந்ததா என்று ஒரு கேள்வியும் இல்லை. படித்தவர்கள் எழுதிய தாள். எட்டாவது படித்த நான் தப்பாக நினைக்கிறேனோ? மலையில் குளிருக்காக வேறு முறை வைத்திருக்கிறார்களோ? வீட்டுக்குப் போனதும் எல்லோரும் சோப்பு போடுவார்களாக இருக்கும், எதற்கு அவசரப்படுவது? இப்படி யோசித்தபடியே செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்துவிட்டேன். அது வெள்ளச்சியின் செருப்பு.

மத்தியானம் கருவாட்டுக் குழம்பும் ராகிக் களியும். நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொடுத்தவர் சடையன். கிள்ளி முடித்ததும் கொல்லையில் வாழை மரத்தடிக்குப் போய்த் தண்ணீரை மொண்டு கையில் ஊற்றிக்கொண்டார். குழம்பு இறங்கியதும் உள்ளே வந்தார். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, சாமி கும்பிடுகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, காற்றில் ஆறு அசைவும் செய்தார். இரண்டு பெண்பிள்ளைகளும் அதேபோல் செய்தார்கள். சின்னது ஆறு முடிந்ததும் கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டது. பிறகு மூவரும் களியில் கை வைத்தார்கள்.

எனக்குச் சாப்பாடு இறங்குமா? பேசவும் முடியாது. பேசாமல் சாப்பிடவும் முடியாது. பழக்கம்தான் எழுப்பியது, பையிலிருந்து சோப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு வாழை மரத்தடிக்குப் போய், நுரை வரத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். சாப்பிடுவதற்கு முன் என் கையை நான் கழுவுவது சொல்லித்தருவதில் சேருமா? சேராது என்றுதான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன், பெரும்பாலும்.

சடையன் என்னைக் கவலையோடு பார்த்தார்.

"அம்மிணி, நீங்க ஒண்ணுமே செய்யாம உக்காந்துட்டீங்களே?"

"கழுவிட்டுத்தானண்ணே வந்தேன். சோப்புப் போட்டு."

"அது அழுக்குக்குங்க. நாஞ் சொல்றது நோய்க்கு." ஆறையும் மறுபடி செய்துகாட்டினார். "தண்ணியில செஞ்சா இதுல சேராதுங்களே. ஏ பழனி, அப்புடித்தான?"

கரண்டியோடு வந்த பழனியம்மா அப்படியே நின்றாள்.

"ஏனுங்க, அப்ப வெளிய சோப்புப் போடறதில்லீங்களா நீங்க?"

"எந்தச் சோப்பு?"

"ஊட்டுக்கு ஒண்ணுன்னு நாங்குடுத்த சோப்பு!"

"அது துணிப்பெட்டியில பத்திரமா இருக்குது. வேட்டியெல்லாம் எப்புடி வாசமா இருக்குது, பாக்கலையா நீ?"

"நானு... நீங்க வெளிய கழுவிப்போட்டு வந்து, என்னயக் கேலி பண்ணறதுக்காக இங்க மறுக்கா செய்யறீங்கன்னுல்ல நெனச்சிக்கிட்டிருந்தேன்!"

"கேலியா? உன்ற படிப்பாச்சேன்னு மரியாதையாச் செய்யறேன். மரவள்ளி லோடு ஏத்தப் போனாக்கூட செஞ்சுபோட்டுத்தான் திங்கறேன்" என்றார் சடையன், உண்மையாகவே மனம் நொந்து.

பழனியம்மா கரண்டியைக் கையில் பிடித்தபடியே தெருவில் இறங்கினாள். எதிரே வெள்ளச்சி வீடு. "நங்கையா, சோப்பு எங்கீங்க?" உள்ளேயிருந்து பதில் வந்தது. "சாமி மாடத்துல இருக்குது கண்ணு, ஏன்?" அடுத்த வீட்டில் அரிசிப் பானைக்குள். அதற்கடுத்த வீட்டில் சம்பந்தி வீட்டுச் சீரோடு போய்விட்டது. எல்லோரும் காற்றில் ஆறு செய்கிறார்கள், ஒருவரும் தவறவில்லை. ஊற்றுக்குப் பக்கத்தில், அம்மனுக்கு முன்னால் சொல்லித்தந்ததால் அதற்கு ஒரு பக்தி வேறு சேர்ந்துவிட்டது.

திரும்பி வந்து என் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"கையேட்டுல, 'பெண்கள் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் நடத்தவும்'னு போட்டிருந்துச்சுங்க. எங்களுக்கு அது ஊத்துதான். ஊத்துல சோப்புப் போடக்கூடாது. ஒரு அசைவுகூட விடக்கூடாதுன்னாங்க, அதையும் விடல. ஒரு வார்த்தை கூட்டவும் கூடாதுன்னு சேலத்துல ட்ரெயினிங்ல சொன்னாங்க. 'ஊட்டுல போயி சோப்புத் தண்ணியோட செய்யுங்க'ன்னு வாய் வரைக்கும் வரும். அது அதுல இல்லியேன்னு முழுங்கிருவேன்." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நீங்க காலையிலயே பாத்துட்டீங்கல்லக்கா? ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

"சொல்லக்கூடாதுன்னு எனக்குச் சட்டம்மா."

அவள் உதடு கோணியது. அழப்போகிறாள் என்று பயந்தேன். சிரித்துவிட்டாள், கண்ணில் தண்ணீரோடு. "எனக்குக் கூட்டக்கூடாது, உங்களுக்குச் சொல்லக்கூடாது. நல்லாருக்குதுங்க நம்ம ரெண்டு பேரு பொழப்பும்!"

"காலையில பாத்ததை நான் எழுதித்தானம்மா ஆகணும்" என்றேன். இந்த வீட்டுக் களியைத் தின்றுகொண்டு இந்த வீட்டுக்காரி வேலையைப் பிடுங்குகிறேன்.

"எழுதுங்க. நாளைக்கும் ஒண்ணு இருக்குதில்ல?" எழுந்துபோய்ச் சடையனின் கையைப் பிடித்து முகர்ந்தாள். முகம் சுருங்கியது. என் கையைப் பிடித்து முகர்ந்தாள். மறுபடி அவர் கை. சடையன் என்னைப் பார்த்தார். எனக்கும் ஒன்றும் புரியவில்லை.

"அக்கா, மீதிக் கருவாடு எனக்குத்தானுங்க?"

"உனக்குத்தான் கொண்டாந்தேன்."

"அது போதும்."

அன்று சாயங்காலம் முழுக்க வீடு வீடாகப் போய்வந்தாள். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. எனக்கு இன்னொரு கவலை பிடித்துக்கொண்டது. நான் கை கழுவியதால்தானே இது வெளியே வந்தது? நாளைக்கு நடப்பதைக் கணக்கில் எடுக்கலாமா? சடையனோடு உட்கார்ந்து பலாச்சுளை தின்றபடி அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பலாச்சுளை என்னவோ தேன் மாதிரி இருந்தது. கவலைக்கு நடுவிலும் கொட்டையை எண்ணாமல் தின்றேன்.

மறுநாள் வகுப்பு ஊற்றில் நடக்கவில்லை. பழனியம்மா வீட்டுக் கொல்லையில், வாழை மரத்தடியில். நான் மறுபடி மரமானேன். முதல் பாதி நேற்று மாதிரியே, வார்த்தைக்கு வார்த்தை. கை கழுவும் கட்டம் வந்ததும் கருவாட்டுத் தட்டை வட்டத்துக்குள் விட்டாள்.

"எல்லாரும் ஆளுக்கு ரெண்டு எடுத்து நல்லாக் கசக்குங்க."

"கசக்கித் திங்கறதுங்களா?" என்றாள் வெள்ளச்சி.

"திங்கறது அப்பறம். இப்பக் கசக்குங்க நங்கையா. ஆச்சா? இப்ப நாம வழக்கமாச் செய்யற ஆறையும் செய்யுங்க."

கைகள் காற்றில் அழகாகத் திரும்பின.

"மோந்து பாருங்க."

"அட, கருமமே!" என்று கத்தினாள் வெள்ளச்சி. வட்டம் முழுக்கச் சிரிப்பு.

"நாத்தம் போவலீன்னா நோயி போயிருக்குமுங்களா? இதுநாளும் நானு உங்களுக்குப் பாதிப் பாடந்தான் சொன்னனுங்க. மீதி இன்னிக்கு." அதைக் குனியாமல், எல்லோர் முகத்தையும் பார்த்துச் சொன்னாள். வெறும் தண்ணீர் ஊற்றினாள்; முகரச் சொன்னாள். கருவாடு அப்படியே இருந்தது. பிறகு சோப்பின் காகிதத்தைக் கிழித்தாள். அந்தச் சத்தத்துக்கு எல்லோரும் வாயை மூடினார்கள், ஏதோ உண்டியலை உடைப்பதைப் பார்க்கிற மாதிரி. சோப்பு கை மாறியது. ஆறு அசைவும் நுரையோடு. வாழை மரத்தடியில் வெள்ளையாக ஓடியது.

"இப்ப மோந்து பாருங்க."

வெள்ளச்சி முகர்ந்தாள். பக்கத்தில் இருந்தவளின் கையையும் இழுத்து முகர்ந்தாள். "அடி பாவி. ஆறு மாசமா எங்களக் காத்துல ஆட வெச்சிருக்கறயே!" என்று பழனியம்மாவின் முதுகில் ஈரக் கையால் ஒன்று வைத்தாள். வட்டம் சிரிப்பில் உருண்டது. நான் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தேன். "ஏனுங்க, அந்த அம்மாவுக்குப் பல்லு வலிங்களா?" என்று யாரோ கேட்டார்கள்.

வகுப்பு முடிந்த பிறகு எனக்கு வாய் திரும்பக் கிடைத்தது. பெண்கள் ஒரு சந்தேகம் கேட்டார்கள். வெளியே வைத்தால் காக்காய் சோப்பைத் தூக்கிக்கொண்டு போய்விடும், உள்ளே வைத்தால் மறந்துவிடும், என்ன செய்வது? நான் ஓடிப்போய்ப் பையைக் கவிழ்த்தேன். நைலான் கயிறு! துண்டு துண்டாக நறுக்கி, சோப்பைப் பழைய வலைத்துணியில் போட்டுத் தண்ணீர்ப் பானைக்கு மேலே தொங்கவிட்டோம். வாழ்க்கையில் முதல்முறையாக நான் பயந்து எடுத்து வைத்த ஒரு பொருள் பயன்பட்டது. தங்கைக்கு அப்போதே சொல்ல வேண்டும்போல இருந்தது.

போன் சிக்னல் ஊருக்கு வெளியே ஒரு பாறைமேல்தான் கிடைக்கும். சடையன் கூட்டிப்போனார், பழனியம்மாவும் வந்தாள். மேற்பார்வையாளரிடம் நடந்ததை வரிசையாகச் சொன்னேன். முதல் நாள் வகுப்பு தாளின்படி எல்லாம் சரி, ஆனால் நினைத்தபடி நடக்கவில்லை. இரண்டாம் நாள் தாளில் இல்லாதது நடந்தது, ஆனால் அதுதான் நினைத்தபடி நடந்தது. நடுவில் நான் கை கழுவினேன், அதையும் எழுதியிருக்கிறேன்.

"கருவாடா?" என்றார். "கையேட்டுல கருவாடு இல்லையேம்மா."

பாறைக்குக் கீழே பழனியம்மா அடையாள அட்டையைத் திருகிக்கொண்டு நின்றாள். எங்கிருந்து வந்ததோ தெரியாது, சொல்லிவிட்டேன்.

"தண்ணியும் கையேட்டுல இல்லைங்க சார்."

மறுமுனையில் தாள் புரட்டுகிற சத்தம். நெடுநேரம் புரட்டினார். உண்மைதான், எழுதியவர்கள் அடிபம்பு ஊர்க்காரர்கள், நானும் அடிபம்பில்தான் வருடக்கணக்கில் வகுப்பு எடுத்தேன். தண்ணீர் தானாக அங்கே இருந்தது. யாருக்கும் அதை எழுதத் தோன்றவில்லை, அது கையேட்டில் இல்லை என்று மலையேறும்வரை எனக்கும் தெரியவில்லை.

"அந்த வீடியோவை எல்லாம் நானும்தானே பாத்தேன்" என்றார் மெதுவாக. "கை எவ்வளவு அழகாத் திரும்புதுன்னு பாத்தேன். சரிம்மா. பழனியம்மாவே எடுக்கட்டும். ஆளை மாத்த வேண்டாம், கையேட்டை மாத்தலாம். நானே ஒரு தடவை மேல வந்து பாக்கறேன். வளைவு ரொம்ப இருக்குமோ?"

"வாந்தி மாத்திரை மிச்சம் இருக்குங்க சார். பழனியம்மாகிட்டக் குடுத்துட்டுப் போறேன்."

கீழே இறங்கிச் சொன்னேன். பழனியம்மா அட்டையைத் துடைத்து ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள். சடையன்தான் கேட்டார். "அப்ப என்ற சோப்பு துணிப்பெட்டியில இருந்து போயிருச்சுங்களா?"

திரும்பும் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் பெரக்கரை நாட்டுப் பெண் ஒருத்தி, மடியில் அன்னாசிப் பை, அடிவாரத்தில் மகளைப் பார்க்கப் போகிறாள். என்னை ஊர் விசாரித்தாள். கடற்கரை என்றதும், "அலை ஊட்டுக்குள்ள வராதுங்களா? எப்புடிங்க அங்க தூங்கறீங்க?" என்று என்மேல் இரக்கப்பட்டாள். வளைவுகளைப் பார்த்து நான் அவள்மேல் இரக்கப்பட்டுக்கொண்டிருந்தேன். பாதி வழியில் பையிலிருந்து வாழையிலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். பலாச்சுளை. "தின்னுங்க கண்ணு" என்று என் பக்கம் நீட்டிவிட்டு, அவள் எடுப்பதற்கு முன் இரண்டு கையையும் உயர்த்தினாள்.

உள்ளங்கை. புறங்கை. விரலிடுக்கு. ஆறும் காற்றில், ஒன்றுகூடப் பிசகாமல்.

வாய்க்குக் கொண்டுபோன சுளை பாதியில் நின்றது. "எங்கம்மா கத்துக்கிட்டீங்க?"

"தேவனூர் நாட்டுல எங்கக்கா ஊடுங்க. அங்க பூராப் பேரும் செய்யறாங்க. இத்தன நல்லதாச்சேன்னு எங்கூர்லயும் எல்லாருக்கும் நாந்தான் சொல்லிக் குடுத்தேன்." பெருமையில் முகம் மலர்ந்திருந்தது.

இப்போது நான் பார்வையாளர் இல்லை. வெறும் பயணி. எந்தச் சட்டமும் என்னைத் தடுக்காது. பையிலிருந்து சோப்பு டப்பாவையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்தேன். பஸ் வளைவில் திரும்ப, ஒரு கையால் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் கைகளை ஜன்னலுக்கு வெளியே நீட்டச் சொன்னேன். கீழே பள்ளம். அன்றைக்கு நான் அதைப் பார்க்கவே இல்லை.

"இனி இதுலயும் செய்வோம்மா" என்று தண்ணீரை ஊற்றி, சோப்பை அவள் கையில் வைத்தேன்.

அவள் நுரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"தண்ணியிலயுங்களா?" என்றாள், நம்பாமல்.

அதற்குள் முன்னாலிருந்து கண்டக்டரின் குரல். அதே கண்டக்டர்.

"ஏனுங்க, போறப்போ கருவாடு. வர்றப்போ சோப்பு. என்ற பஸ்ஸ என்னதானுங்க பண்ணப் போறீங்க?"